சிறுநீரகத்தில் ஃபிஸ்டுலா என்றால் டயாலிசிஸா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. போன வருஷம் முதுகில் துளை போட்டு இடது கிட்னியில் கல் எடுத்தார்கள். இப்போது அவ்வப்போது சிறுநீர் சிவப்பாகப் போகிறது. இதுவரை இல்லாத பிரஷரும் வந்திருக்கிறது. டாப்ளர் ஸ்கேனில் ‘ஏ.வி. ஃபிஸ்டுலா, சிரை வீக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஃபிஸ்டுலா டயாலிசிஸ் நோயாளிகளுக்குத்தானே போடுவார்கள்? கிட்னி போய்விட்டதா டாக்டர்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இந்த ரிப்போர்ட்டுக்கு அப்படி அர்த்தமில்லை அம்மா. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்பதை கிரியேட்டினின் பரிசோதனைதான் சொல்லும்.

டயாலிசிஸ் நோயாளிக்குக் கையில் தமனியைச் சிரையோடு வேண்டுமென்றே இணைக்கிறோம். தமனியின் அழுத்தம் பாய்ந்து சிரை பருக்கும், ஊசி போட வசதியாகும். உங்கள் கணவருக்கு அதே மாதிரி இணைப்பு கிட்னிக்குள் தானாக உண்டாகியிருக்கிறது. தமனி-சிரை இணைப்பைத்தான் ஏ.வி. ஃபிஸ்டுலா என்கிறோம். கல் எடுக்கப் போட்ட துளை, அருகருகே இருந்த தமனியையும் சிரையையும் உரசியிருக்கலாம். பயாப்ஸி (ஊசி குத்தித் திசு எடுக்கும் பரிசோதனை), கத்திக்குத்து, விபத்து, கட்டி ஆகியவற்றாலும் இது வரும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும்.

சிரையின் சுவர் மெல்லியது, அவ்வளவு வேகத்தைத் தாங்காமல் உப்புகிறது. ரத்தம் சிறுநீர்ப் பாதையில் கசிந்தால் சிறுநீர் சிவக்கும். பிரஷருக்குக் காரணம் வேறு. ரத்தம் குறுக்கு வழியில் போய்விடுவதால் கிட்னியின் ஒரு பகுதி பட்டினி கிடக்கிறது. அது ரெனின் என்ற ஹார்மோனைச் சுரந்து அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. இணைப்பு பெரிதாக இருந்தால் இதயத்துக்கும் சுமை. மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

பயாப்ஸிக்குப் பிறகு வரும் சின்ன ஃபிஸ்டுலாக்கள் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் இவருக்கு ரத்தமும் போகிறது, பிரஷரும் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த இணைப்புக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிக் கிளையை மட்டும் ‘காயில்’ எனும் சின்ன உலோகச் சுருள் அல்லது பசை வைத்து அடைப்பார்கள். எம்போலைசேஷன் என்று பெயர். வயிற்றைத் திறக்க வேண்டாம். அந்தக் கிளை ஊட்டிய சிறு பகுதி செயலிழக்கும், சில நாள் விலாவலியும் காய்ச்சலும் இருக்கலாம். இணைப்பு பெரிதென்றால் அந்தச் சுருள் நழுவி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. அதனால் பழகிய கை வேண்டும். அழுத்தம் குறைந்தால் சிரை வீக்கமும் பொதுவாகச் சுருங்கும். உள்ளே ரத்தம் உறையாமலிருக்கிறதா என்று அப்புறம் டாப்ளரில் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் கிட்னியையே எடுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

வெகுதூரம் அலைய வேண்டாம். 1971-லேயே கிட்னி மாற்று அறுவை சிகிச்சையில் பேர் வாங்கிய சி.எம்.சி. மருத்துவமனை வேலூரிலேயே இருக்கிறது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க் இரண்டையும் கொண்டுபோங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் ஆஞ்சியோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொல்லி யாராவது வந்திருப்பார்கள். இந்த ஓட்டையை அது அடைக்காது. வலி மாத்திரையும் சொந்தமாக வாங்கித் தராதீர்கள். ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் நின்றாலோ, விலாவில் திடீர் வலியோடு தலைசுற்றினாலோ, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.