புஷ் மாற்றிய பிறகு அம்பாசடரின் முன்பக்கம் தூக்கி நிற்கிறதா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா காலத்து 1978 அம்பாசடர், மார்க் 3. முன்பக்கம் கீழ் ஆர்ம் (சக்கரத்தோடு ஏறி இறங்கும் கை) புஷ், அதாவது அதன் மூட்டு ரப்பர், டை ராடு (அந்த ஆர்மை முன்பின் நகராமல் பிடிக்கும் கம்பி) ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். முறுக்கிக்கொண்டு முன்பக்கப் பாரத்தை ஸ்பிரிங் மாதிரி தாங்கும் எஃகுக் கம்பியான டார்சன் பார் பழையதுதான், கழற்றித் திரும்ப மாட்டியது. வேலை முடிந்து வண்டியை இறக்கியதிலிருந்து முன்பக்கம் தூக்கி நிற்கிறது, அதிலும் வலது பக்கம் இடதைவிட ஒன்றரை இன்ச் அதிகம். "ஓட ஓட உட்கார்ந்துரும்" என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார், 800 கிலோமீட்டர் ஓடியும் உட்காரவில்லை. டார்சன் பாரை அதன் முனையில் இருக்கும் பல்வரிசையில் ஒரு பல் இறக்கி மாட்டலாமா என்கிறார்.

இப்போதைக்கு டார்சன் பாரில் கை வைக்காதீர்கள் தம்பி. ஓட ஓட உட்காரும் என்பது புது ஸ்பிரிங்குக்குச் சொல்கிற பேச்சு. உங்கள் பார் நாற்பது வருஷத்துக்கு மேல் முறுக்குப்பட்டு, உட்கார வேண்டியதையெல்லாம் உட்கார்ந்து முடித்த எஃகு. உங்கள் வண்டியில் புதிதாக வந்தது ரப்பர் மட்டும்தான், அதனால் சந்தேகமும் முதலில் அதன்மேல்தான் விழ வேண்டும்.

கீழ் ஆர்மின் உள்முனையில் இருக்கும் புஷ்ஷை நட்டு போட்டு இறுக்கியதும் நட்டு அதன் ரப்பரைக் கவ்விக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் வழுக்காது, முறுக்கிக்கொண்டுதான் அசையும். வண்டி ஜாக்கியில் இருக்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், தொங்குகிற அந்த நிலைதான் ரப்பருக்கு இயல்பான நிலை ஆகிவிடும். வண்டியைக் கீழே இறக்கினதும் ரப்பர் அந்த நிலைக்குத் திரும்பப் பார்க்கும், ஆர்மைக் கீழே தள்ளும், பாடி மேலே எழும்பும். டார்சன் பாரோடு வேண்டாத இன்னொரு ஸ்பிரிங் சேர்ந்த மாதிரி. இதைத் தெரியாமல் பாரை ஒரு பல் இறக்கினால் இன்றைக்குப் பார்க்க லெவலாகத்தான் இருக்கும், ஆனால் முறுக்கிலேயே கிடக்கும் ரப்பர் சீக்கிரம் கிழியும், கிழிந்த அன்றைக்கு மூக்கு தரையைப் பார்க்கும்.

போன வருஷம் மேலூரிலிருந்து இதே கோளாறோடு ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. பிட் (அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழி) மேல் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் பாரம் தாங்கி நிற்க, நான் உள்ளே இறங்கி இடது புஷ் நட்டில் ஸ்பானர் போட்டேன். முக்கால் சுற்று கூட வரவில்லை, 'டக்' என்று ஒரு சத்தம், மட்கார்டு கட்டைவிரல் அகலத்துக்குக் கீழே வந்தது. பாரைத் தொடவே இல்லை.

உங்கள் வண்டிக்கும் இதையேதான் செய்ய வேண்டும். பிட் உள்ள பட்டறைக்குப் போங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே கீழ் ஆர்ம் புஷ் நட்டுகளையும் டை ராடு நட்டுகளையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். பானெட்டை நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள், வண்டியைக் கையால் பத்து பதினைந்து அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். உருட்டுவதை விட்டுவிடாதீர்கள். ஜாக்கியிலிருந்து இறங்கிய சக்கரம் உள்பக்கமாக ஒடுங்கித் தரையைப் பிடித்துக்கொள்ளும், உருண்டால்தான் டயர் வெளியே விரிந்து வண்டி தன் உயரத்துக்கு வரும். அப்புறம் அதே பாரத்தில் நட்டுகளை இறுக்குங்கள்.

பிறகு அளக்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் பட்டறைத் தரையோ வீட்டு வாசலோ மட்டமாக இருந்து நான் பார்த்ததில்லை, தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தான் போடுவார்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி நான்கு டயர் நிற்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன் டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்கட்டும். மட்கார்டு விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை டிங்கரிங் பார்த்ததோ, ஒரு விளிம்பு அரை இன்ச் ஏறி இருந்தால்கூட கண்ணுக்குத் தெரியாது. கீழ் ஆர்மின் உள்முனை போல்ட் நடுவிலிருந்து தரைக்கு ஒரு அளவு, வெளிமுனையிலிருந்து தரைக்கு ஒரு அளவு எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இடதுக்கும் வலதுக்கும் ஒப்பிடுங்கள். ஆர்ம் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை இது நேராகச் சொல்லிவிடும்.

இதற்குப் பிறகும் வலது பக்கம் தூக்கியே இருந்தால், பின்பக்கத்தைப் பாருங்கள். இடது பின் லீஃப் (பட்டை ஸ்பிரிங்) தொய்ந்திருந்தால் வலது முன் மூலை எழும்பும். முன் கிராஸ் மெம்பரின் (அடியில் குறுக்கே போகும் சட்டம்) நட்டநடுவில் ஒரே ஜாக்கி வைத்து முன்சக்கரங்கள் லேசாகத் தரையை விடும் அளவுக்குத் தூக்குங்கள். அப்போதும் பாடி சாய்ந்தே இருந்தால் கோளாறு லீஃபில், நிமிர்ந்துவிட்டால் முன்பக்கத்தில்.

முன்பக்கம்தான் என்று உறுதியானால், மெக்கானிக்கிடம் கோபப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். கழற்றும்போது பாரிலும் அதன் முனையைப் பிடிக்கும் லீவரிலும் பெயிண்ட் அடையாளம் வைத்தாரா? இடது பார் இடதுக்கே போனதா? ஸ்ப்லைனில், அதாவது பாரின் பல்வரிசையில், ஒரு பல் மாறினால் ஆர்ம் நீளத்துக்கு அது சக்கரத்தில் இன்ச் கணக்கில் தெரியும், உங்கள் ஒன்றரை இன்ச்சுக்கு அது பொருந்துகிறது. பார் இடம் மாறியிருந்தால் உயரம் சரியாக இருந்தாலும் ஓட்டக்கூடாது. ஒரு திசையில் முறுக்கிப் பழகிய எஃகை எதிர்த்திசையில் முறுக்கினால் தொய்யும், ஒடியவும் செய்யும்.

பல் மாற்றுவது பெரிய மாற்றம், பின்முனை லீவர் பிளேட்டில் ஓட்டையை மாற்றுவது சின்ன மாற்றம். சின்னதில் முடிகிற வேலையைப் பெரியதில் செய்ய வேண்டாம். எதுவானாலும் பாரின் முறுக்கை முழுக்க இறக்காமல் லீவர் போல்ட்டைத் தொட விடாதீர்கள், முறுக்கோடு விடுபட்டால் லீவர் அடிக்கிற அடியில் கை முறியும். பாரைச் சங்கிலி ரிஞ்சால் பிடிக்கவும் விடாதீர்கள், மேலே விழுகிற சின்னக் கீறலில்தான் பிற்பாடு விரிசல் தொடங்கும்.

வீல் அலைன்மென்ட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். உயரம் மாறினால் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், முதலிலேயே கொடுத்த காசு வீண். ஏற்கெனவே செய்திருந்தால் உயரம் சரியான பிறகு இன்னொரு தடவை செய்தே ஆக வேண்டும்.