குயிலின் குரலும் பேடையின் செவியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நங்கநல்லூரில் வசிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம். ஏப்ரல் பிறந்ததிலிருந்து விடிகாலை நாலரை மணிக்கே அதில் குயில் கூவ ஆரம்பித்துவிடுகிறது. பத்தாவது படிக்கும் என் மகன் ஒருநாள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, “தக்கன பிழைக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு. இப்படிக் கத்தினா பருந்துக்கும் பூனைக்கும் நான் இங்கதான் இருக்கேன்னு சொல்ற மாதிரிதானே? மயிலுக்கு மட்டும் அவ்வளவு பெரிய தோகை எப்படி நிலைச்சுது?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதே வாரம் என் நாத்தனார் மகளின் கல்யாணப் பேச்சு. அங்கே ஒரு பெரியவர், “ஆண் போட்டி போடுவான், பெண் அடங்கிக் காத்திருப்பாள். மிருகங்களைப் பாருங்கள், இயற்கையே அப்படித்தான்” என்றார். அறிவியலும் அப்படித்தான் சொல்கிறதா?

ர., நங்கநல்லூர்

அன்புள்ள ர.,

உங்கள் மகனை எழுப்பி உட்கார வைத்த கேள்வி டார்வினையும் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. 1860 ஏப்ரலில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மயில்தோகையின் ஓர் இறகைப் பார்த்தாலே தனக்கு உடம்புக்கு என்னவோ செய்கிறது என்கிறார். இயற்கைத் தேர்வை விளக்கிய அவருடைய புத்தகம் வெளிவந்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பிழைப்புக்கு இடைஞ்சலான ஒன்று தலைமுறை தலைமுறையாக எப்படி வந்துகொண்டிருக்கிறது? விரிவான விடை 1871இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில்தான் வந்தது.

உயிரோடு இருப்பது பாதிக் கதைதான். பத்து வருடம் பத்திரமாக வாழ்ந்தும் இணை கிடைக்காத மயிலின் குணங்கள் அந்த மயிலோடு முடிந்துபோகின்றன. நாலைந்து வருடமே வாழ்ந்து பல பேடைகளோடு கூடிய மயிலின் தோகை அதன் குஞ்சுகளுக்குப் போய்ச் சேர்கிறது. இதைத்தான் பாலியல் தேர்வு என்கிறோம். சிலர் ‘பாலினத் தேர்வு’ என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஸ்கேன் எடுத்துப் பெண் கருவை அழித்த கொடுமைதான் நினைவுக்கு வருகிறது. அதனால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

இந்தத் தேர்வு இரண்டு வழியாக நடக்கிறது. ஒன்று, ஆணும் ஆணும் நேருக்கு நேர் மோதிக்கொள்வது. அதைப் பார்க்க உங்களுக்குக் கிண்டியே போதும். அங்கே வெளிமானும் புள்ளிமானும் இருக்கின்றன. சங்கப் பாடல்களில் இரலை என்று வருவது இந்த வெளிமான்தான். ஆணுக்கு முறுக்கிய நீளக் கொம்பு. பெண்ணுக்குப் பெரும்பாலும் கொம்பே கிடையாது. கொம்பு எதிரியிடமிருந்து தப்பிக்கத்தான் என்றால், குட்டியைக் காக்கவேண்டிய தாய்க்கல்லவா அது முதலில் முளைத்திருக்க வேண்டும்? இரண்டு கலைமான்கள் தலையைத் தாழ்த்தி, கொம்போடு கொம்பு கோத்துத் தள்ளிக்கொள்வதை ஒருமுறை பார்த்தால் அது எதற்கென்று புரிந்துவிடும். புள்ளிமானின் கொம்பு வேறு வகை. அது முழுக்க எலும்பு, வருடந்தோறும் விழுந்து மறுபடி முளைப்பது. அவ்வளவு எலும்பை ஒவ்வொரு வருடமும் புதிதாக வளர்க்கும் செலவை ஓர் உடம்பு ஏற்றுக்கொள்கிறது என்றால் போட்டி எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும்!

ஆனால் ஆயுதம் வைத்திருப்பவனே ஜெயிப்பான் என்றும் இல்லை. காசிரங்காவில் ஆண் யானைகளைக் கவனித்தவர்கள், இரண்டு யானைகள் எதிர்ப்பட்டால் எது ஒதுங்குகிறது என்று பார்த்தார்கள். தந்தத்தைவிட உடம்பின் அளவு முக்கியமாக இருந்தது. அதைவிட முக்கியமாக இருந்தது மதம். தந்தமே இல்லாத மக்னா மதத்தில் இருந்தால், மதத்தில் இல்லாத கொம்பன் வழிவிடுகிறது.

இரண்டாவது வழிதான் என் மனதுக்கு நெருக்கமானது. பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பது.

கேளம்பாக்கம் தாண்டி ஒரு பனைமரத்தடியில், மழைக்காலத்தில், தொடர்ந்து மூன்று காலைகள் நின்றிருக்கிறேன். மேலே தூக்கணாங்குருவிக் கூடுகள். கூடு கட்டுவது ஆண். ஓலையிலும் புல்லிலும் நாராகக் கிழித்து, மட்டையில் முடிச்சுப் போட்டு, பின்னிப் பின்னித் தொங்கவிடுகிறது. பாதிக் கூட்டில், கவிழ்த்த தலைக்கவசம் மாதிரி ஆனதும், நிறுத்திவிடும். குறுக்கே ஊஞ்சல் போல ஒரு பட்டை மட்டும் இருக்கும். அப்புறம் மஞ்சள் தலையைச் சிலிர்த்து, சிறகடித்து, கத்திக் கூப்பிடும். அங்கிருக்கும் எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் இதைச் செய்யும்போது அந்த மரமே கொதிப்பது போலிருக்கும். பேடை வருகிறது. ஒரு கூட்டுக்குள் போய்ப் பார்க்கிறது, வெளியே வருகிறது, அடுத்த கூட்டுக்குப் போகிறது. நம் வீட்டில் வாடகைக்கு வீடு பார்க்கும் பெண்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்களே, அந்த நிதானம் அதனிடம் இருக்கிறது. பிடித்துவிட்டால் அங்கேயே தங்குகிறது. அதன் பிறகுதான் ஆண் மீதிக் கூட்டையும் நுழைவுக் குழாயையும் முடிக்கிறது. முடித்த கையோடு இன்னொரு பேடைக்காக அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும். எந்தப் பேடைக்கும் பிடிக்காத பாதிக் கூடுகள் அப்படியே காய்ந்து தொங்கும். நான் நின்ற மரத்தில் அப்படி ஏழு கூடுகள் இருந்தன. இந்த முழு நடப்பையும் கொங்கண் கடற்கரையில் உட்கார்ந்து பார்த்து 1931இல் எழுதி வெளியிட்டவர் சாலிம் அலி.

சரி, பேடை உண்மையிலேயே தேர்ந்தெடுக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? நல்ல வால் உள்ள ஆண் நல்ல இடத்தையும் பிடித்துவைத்திருக்கலாம், பேடை இடத்துக்காக வந்திருக்கலாம் அல்லவா? இதற்கு மிக அழகான சோதனை ஒன்றை 1982இல் ஸ்வீடனின் மால்ட்டி ஆண்டர்சன் வெளியிட்டார். கென்யப் புல்வெளியில் ஒரு கறுப்புப் பறவை உண்டு, நம் தூக்கணாங்குருவிக்குச் சொந்தம்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வால் அரை மீட்டர் நீளம். ஆண்டர்சன் 36 ஆண்களைப் பிடித்தார். சிலவற்றின் வாலைச் சுமார் 14 சென்டிமீட்டருக்கு வெட்டினார். வெட்டிய துண்டை வேறு சிலவற்றின் வாலில் பசையால் ஒட்டி நீளமாக்கினார். வெட்டியதும் ஒட்டியதும்தான் விளைவுக்குக் காரணமோ என்ற சந்தேகம் வரக்கூடாதே, அதற்காகச் சிலவற்றை வெட்டி அதே நீளத்துக்குத் திரும்ப ஒட்டினார், சிலவற்றைத் தொடாமலே விட்டார். நீட்டிய வால்காரர்களின் எல்லைக்குள் மற்றவர்களைவிட அதிகக் கூடுகள் புதிதாக வந்தன. வால் குட்டையானவர்களோ தங்கள் இடத்தை இழக்கவில்லை, மற்ற ஆண்களை முன்போலவே விரட்டினார்கள். ஆண்களுக்கிடையே வாலால் எதுவும் மாறவில்லை. மாறியது பேடைகளின் முடிவு மட்டும். டார்வின் சொன்னதைக் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு காட்டிய அந்தச் சோதனையைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது.

பேடைக்கு நீளவால் ஏன் பிடிக்க வேண்டும்? இங்கேதான் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த வால் பிடித்தவளுக்குப் பிறக்கும் மகனுக்கு வாலும் மகளுக்கு ரசனையும் சேர்ந்தே போகும், அதனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வளரும் என்றார் ஃபிஷர். இவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டும் உயிரோடிருப்பவன் திடமானவன் என்பதற்கு அந்தச் சுமையே சாட்சி என்றார் அமோட்ஸ் சஹாவி, 1975இல். மயிலிலேயே கருத்து வேறுபாடு உண்டு. கண்கள் அதிகமுள்ள தோகைக்கே பேடைகள் வருகின்றன என்று மேரியன் பெட்ரி இங்கிலாந்தில் கண்டார். ஜப்பானில் ஏழு வருடம் பார்த்த குழு 2008இல் அப்படி எதுவும் தெரியவில்லை என்றது. எனக்கு இரண்டையுமே நம்பத் தோன்றுகிறது. ஓரிடத்துப் பேடைகள் கவனிப்பதை இன்னோரிடத்துப் பேடைகள் கவனித்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உங்கள் மகன் கேட்ட பருந்தும் பூனையும் கணக்கில் உண்டு. குளத்தூரில் வண்ண மீன் கடைகளில் கப்பி மீன் பார்த்திருப்பான். அதன் சொந்த ஊர் டிரினிடாட் பக்கத்து ஓடைகள். வேட்டையாடும் மீன் அதிகமுள்ள ஓடையில் ஆண் கப்பி மங்கலாக இருக்கும். அபாயம் குறைந்த ஓடையில் புள்ளிகள் கூடி மின்னும். ஜான் எண்ட்லர் செயற்கைக் குளங்களில் இதைச் சோதித்து 1980இல் எழுதினார். வேட்டை மீனை விட்ட குளங்களில் சில தலைமுறைக்குள்ளேயே புள்ளிகள் குறைந்தன. பேடையின் கண் ஒரு பக்கம் இழுக்க, வேட்டைக்காரனின் கண் மறுபக்கம் இழுக்கிறது. குளத்தூர்த் தொட்டியில் வேட்டை மீனே கிடையாது. அங்கே எந்த ஆண் எந்தப் பெண்ணோடு சேர வேண்டும் என்று முடிவு செய்வது வளர்ப்பவர். காட்டு ஓடையில் காணவே முடியாத விசிறி வால்கள் அங்கே வந்தது அப்படித்தான்.

குயிலுக்கும் இதே கணக்குத்தான். மாமரத்தில் கூவுவது ஆண், சிவந்த கண்ணும் கரிய உடம்பும் கொண்டது. பேடை பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டு இலைக்குள் ஒளிந்திருக்கும், ‘கிக் கிக் கிக்’ என்பதுதான் அதன் குரல். நம் கவிஞர்கள் பாடும் குயிலைப் பெண்ணாக்கிவிட்டார்கள், அந்தக் கவிதைகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் நாலரை மணிக்கு உங்களை எழுப்புவது அவன்தான். முட்டை காக்கைக் கூட்டில், வளர்ப்பது காக்கை. தூக்கணாங்குருவிப் பேடைக்காவது ஒரு கூடு கிடைக்கிறது. குயில் பேடைக்குக் கூடும் இல்லை, குஞ்சுக்கு இரை தேடித் தர ஆளும் இல்லை. அது எடை போட்டுப் பார்க்க அந்தக் குரலைவிட்டால் அதிகம் எதுவும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதனால்தான் அவன் அப்படிக் கத்துகிறான்.

இப்போது அந்தப் பெரியவர் சொன்னது. மிருகங்களைப் பாருங்கள் என்றாரே, பார்க்கலாம். பள்ளிக்கரணையில் நீளவால் இலைக்கோழி என்று ஒரு பறவை அல்லி இலைகள் மேல் நடந்து போகும். பெண் உருவத்தில் பெரியது. ஒரே பருவத்தில் பல ஆண்களோடு கூடும், ஒவ்வொருவனுக்கும் நாலு முட்டை இட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண். பெண்கள்தான் இடத்துக்காகச் சண்டை போடுகின்றன. அதே சதுப்பில் மயில் உள்ளானும் உண்டு. அதில் வண்ணமெல்லாம் பேடைக்கு, ஆண் மங்கல். முட்டைமேல் உட்காருவதும் ஆணே. குஞ்சுக்காக அதிகம் உழைப்பவர் யாரோ அவருக்காக மற்றவர் போட்டி போடுவார் என்று ராபர்ட் டிரிவர்ஸ் 1972இல் எழுதினார். இந்த இரண்டு பறவைகளும் அதற்கு நல்ல உதாரணம். ‘ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் அப்படி’ என்று ஒரே வரியில் எழுதிவைத்த சட்டம் எதுவும் இயற்கையில் இல்லை. அடங்கிக் காத்திருப்பது என்று அவர் சொன்னது தூக்கணாங்குருவிப் பேடைக்குக்கூடப் பொருந்தாது. அந்தப் பனைமரத்தில் காத்திருந்தவை ஆண்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்களின் சண்டையைப் பற்றி டார்வின் எழுதியதை அவர் காலத்தவர்கள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். பெண் தேர்ந்தெடுக்கிறாள் என்றதைத்தான் ஏற்கவில்லை. அவரோடு இயற்கைத் தேர்வைக் கண்ட வாலஸே மறுத்தார். ஒரு பேடைக்கு ரசனை உண்டு என்ற பேச்சை அறிவியல் உலகம் பரவலாகக் காது கொடுத்துக் கேட்க ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. தூக்கணாங்குருவிகள் அப்போதும் எல்லோர் கண்முன்னேதான் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நாத்தனார் மகளின் கல்யாணம் அவள் முடிவு. அதற்கு இலைக்கோழியும் சாட்சி சொல்ல வேண்டாம், மானும் வேண்டாம்.

மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் பள்ளிக்கரணை போய்வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், பைனாகுலர் ஒன்று யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது. இலைக்கோழி இரண்டும் ஒரே சாயலில்தான் இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெரியது பெண். குஞ்சுகளோடு ஒன்று நடந்து போனால், அது யார் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்.