எல்க் வேட்டைக்கு 4,000 டாலர் முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: டல்லஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். கொலராடோவில் தனியார் பண்ணையில் வழிகாட்டியுடன் எல்க் மான் வேட்டையாட ஆசை. “பெரிய கொம்புள்ள ஆண் மான் கேரண்டி, வவுச்சர் என் கையில் இருக்கிறது” என்று ஒருவர் 4,000 டாலர் முன்பணம் கேட்கிறார். துப்பாக்கியைப் பண்ணையிலேயே தருவார்களாம். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அவர் சொல்லும் இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது. காட்டு எல்க்குக்கு யாராலும் கேரண்டி தர முடியாது. கேரண்டி என்றால் உயரவேலிக்குள் வளர்க்கும் மான். அதற்கு வவுச்சரே வேண்டாம்.

வவுச்சர் என்பது நில உரிமையாளருக்கு மாநில வனவிலங்குத் துறை கொடுப்பது. அதை உரிமையாளரோ அவர் நியமித்த பண்ணை மேலாளரோ நேரடியாக வேட்டைக்காரர் கையில்தான் கொடுக்க வேண்டும். நடுவில் ஒருவர் வாங்கி விற்பது சட்டவிரோதம். இதைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்; ஆனாலும் தரகர்கள் சீசனுக்குச் சீசன் முளைக்கிறார்கள், பணம் போன பிறகுதான் புகாருக்குக் காது கிடைக்கிறது. இன்னொன்று: வவுச்சர் லைசென்ஸ் அல்ல, லைசென்ஸ் வாங்கும் உரிமை மட்டுமே. லைசென்ஸ் கட்டணம் தனி; 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவருக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றும் வேண்டும்.

வழிகாட்டும் அவுட்ஃபிட்டர் (கட்டணத்துக்கு வேட்டைப் பயணம் ஏற்பாடு செய்பவர்) மாநிலத்தில் பதிவு செய்து, 10,000 டாலர் பிணைப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, மாநிலத் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். தேதி, சேவை, கட்டணம், ரத்து விதி எல்லாம் எழுத்தில் வராமல் ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத பெரிய சிக்கல். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம். இரவல் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் அது ‘வைத்திருப்பது’தான், மீறினால் 15 ஆண்டு வரை சிறை, விசாவும் போய்விடும். விலக்கு உண்டு: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். உயரவேலிப் பண்ணையில் மாநில லைசென்ஸ் தேவையில்லை என்று சொல்வார்கள். மானைச் சுட அது தேவையில்லை, சரி. ஆனால் துப்பாக்கியைத் தொட உங்களுக்குத் தேவை. பண்ணைக்காரருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கொலராடோ லைசென்ஸ் வரும்வரை டல்லஸில் சுட்டுப் பழக டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். செப்டம்பர் 1 காலை பயிற்சிக்குப் போகிறவர் கையில் புது லைசென்ஸ் இருக்க வேண்டும். பிறகு சொந்தமாகத் துப்பாக்கி வாங்கினால், அது வீட்டில் இருக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

கொம்பை டெக்சஸுக்குக் கொண்டுவர, மூளையும் சதையும் ஒட்டாமல் சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு (கொம்பு ஒட்டியிருக்கும் மேல் எலும்பு) வாங்குங்கள். மான்களுக்கு வரும் கொடிய மூளைநோய் பரவாமல் தடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. சுத்தம் செய்யும் கூலி யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.