உடற்கூறியலில் ‘இயக்கக் கட்டுப்பாடு’ என்றால் என்ன?

எந்தத் தசை, எப்போது, எவ்வளவு சுருங்க வேண்டும் என்று மூளையும் தண்டுவடமும் சேர்ந்து நடத்தும் வேலைதான் இது. தசைப் பெயர்களை மனப்பாடம் செய்தால் மட்டும் பிடிபடாது.

நின்றபடி கையைச் சட்டென்று முன்னால் நீட்டுங்கள். கைத்தசைக்குச் சற்று முன்பே கால், முதுகுத் தசைகள் வேலையைத் தொடங்கிவிடும்! நரம்புச் செய்தி போய்வர நேரம் பிடிக்கும். கையை நீட்டியதில் உடல் தடுமாறிய பிறகு சரிசெய்தால் தாமதமாகிவிடும். அதனால் மூளை முன்கூட்டியே கணிக்கிறது. அண்ணா சாலையில் தினமும் ஓட்டும் பேருந்து ஓட்டுநர், நிறுத்தம் வருமுன்பே வேகத்தைக் குறைப்பாரே, அதுபோல. இதில் சிறுமூளையின் பங்கு பெரிது. அளவில் மூளையின் சுமார் 10 சதவீதம்தான், ஆனால் நரம்பணுக்களில் பாதிக்கும் மேல் அங்கேதான். உடற்கூறியலில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

அப்புறம், பயிற்சி செய்யச் செய்ய தசையே அசைவை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பதிவது நரம்பு மண்டலத்தில், முக்கியமாக மூளையில்.