மீயொலிக் கத்தி எப்படி வெட்டுகிறது? அதை எது கட்டுப்படுத்துகிறது?
சுங்கை சிப்புட் தோட்டத்தில் வசிக்கும் தங்கள் தாயாருக்கு ஈப்போவில் மீயொலிக் கத்தியால் பித்தப்பையை அகற்றப்போவதாகக் குறிப்பிட்டு, அதனால் உடலில் மின்சாரம் பாயுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாயாது. கைப்பிடிக்குள் உள்ள அழுத்தமின் பீங்கான் வில்லைகள் மின்னாற்றலை அதிர்வாக மாற்றுகின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், கத்தியின் அலகு நொடிக்கு ஏறத்தாழ 55,500 முறை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத தொலைவுக்கு முன்னும் பின்னும் அசைகிறது. அந்த உராய்வின் சூட்டில் திசுவின் புரதம் இறுகிச் சிறு இரத்தக் குழாய்களை அடைத்துவிடுவதால், வெட்டும்போதே கசிவும் நிற்கிறது.

கட்டுப்பாடுதான் இதில் மிக நுட்பமான பகுதி என்பேன். கைப்பிடியின் அதிர்வை அலகுக்குக் கொண்டுசெல்லும் தண்டு, தனக்கென்று இயல்பாக அமைந்த அதிர்வு வேகத்தில், அதாவது ஒத்ததிர்வு அதிர்வெண்ணில்தான் நன்றாக அசையும். ஆனால் அலகு சூடேறும்போதும் திசுவைக் கவ்வும்போதும் அந்த அதிர்வெண் சற்றே நகர்ந்துவிடும். ஆகவே, இயக்கும் பெட்டி மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டை (ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதை) இடைவிடாமல் அளந்து, அதிர்வெண்ணைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. சுமை கூடும்போது அசைவு தளராதபடி மின்னழுத்தத்தையும் உயர்த்துகிறது.

மருத்துவர் தேர்ந்தெடுப்பது அசைவின் வீச்சை, அதாவது அலகு எவ்வளவு தொலைவு அசைய வேண்டும் என்பதை. குறைத்தால் மெதுவாக வெட்டி நன்றாக அடைக்கும். கூட்டினால் விரைவாக வெட்டும், அடைப்பு அவ்வளவு உறுதியாக இராது. நிறுத்திய பிறகும் அலகு சிறிது நேரம் சூடாகவே இருக்கும் என்பதால், அது குடலைத் தொடாமல் அவர் கவனமாக இருப்பார்.

தாயாருக்கு இதயமுடுக்கி பொருத்தியிருந்தால் தயவுசெய்து முன்கூட்டியே தெரிவியுங்கள். அதே அறுவையில், உடலில் மின்சாரம் செலுத்தி வெட்டும் மின்கத்தியும் தேவைப்படக்கூடும்; அந்த மின்சாரம் இதயமுடுக்கியைப் பாதிக்கலாம்.