ஹாலோவீன் இரவுக்கு என்ன படம்? – வாசகர் கேள்விகள்

சார், சொந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு எங்களுக்கு இது முதல் ஹாலோவீன். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கிவந்து தூங்கிய பிறகு, நான்கு குடும்பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து படம் பார்ப்பதாகத் திட்டம். பழைய படங்களில் இரண்டு சொல்லுங்கள். ரத்தக்களறி வேண்டாம்.
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

முதலில் 'கேட் பீப்பிள்' (1942), அப்புறம் 'ஹாலோவீன்' (1978). இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் படம் 73 நிமிடம், அடுத்தது ஒன்றரை மணி நேரம். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால், நடுவில் காபிக்கு எழுந்தாலும் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும்.

ஆரம்பிக்கும் முன் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். மிட்டாய் தீர்ந்துவிட்டது என்று உங்கள் தெருப் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள், காலிங் பெல் அடிக்காது. இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'கேட் பீப்பிள்' பாதிக்கு மேல் காதால் பார்க்க வேண்டிய படம்.

நான் அதை முதலில் பார்த்தது எண்பதுகளில், சென்னையில் ஒரு ஃபிலிம் சொசைட்டியில். 16 எம்எம் பிரிண்ட். ப்ரொஜெக்டர் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னாலேயே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே மூன்று மின்விசிறிகள் வேறு. படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதற்கு இவ்வளவு புகழ் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். பல வருடம் கழித்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான், அன்றைக்கு நான் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தது.

கதை எளியது. நியூயார்க்கில் வாழும் செர்பியப் பெண் ஐரீனா. கணவனை முத்தமிட்டாலே தான் கருஞ்சிறுத்தையாகிவிடுவோம் என்று நம்புகிறாள். கணவனோடு வேலை பார்க்கும் ஆலிஸ் மேல் அவளுக்குப் பொறாமை. ஓர் இரவு ஆலிஸ் சென்ட்ரல் பார்க் சுவரோரமாகத் தனியாக நடந்துபோகிறாள். பின்னால் ஐரீனா. இசை கிடையாது. இரண்டு ஜோடிக் காலணிச் சத்தம் மட்டும். முன்னால் போவது நிதானமாக, பின்னால் வருவது கொஞ்சம் வேகமாக. தெருவிளக்கு வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம். திடீரென்று பின்னால் வந்த காலடி நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடையைக் கூட்டுகிறாள், ஓடுகிறாள். அப்போது ஒரு சீறல்! வந்து நின்றது பஸ். அதன் பிரேக் சத்தம்.

அந்த ஒரு பஸ்ஸிலிருந்துதான் பின்னால் வந்த ஆயிரம் படங்கள் புறப்பட்டன. எதையோ எதிர்பார்க்கவைத்து வேறொன்றால் தூக்கிப்போடும் இந்த உத்திக்கு, தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் 'லூட்டன் பஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. ஆர்கேஓ ஸ்டுடியோ அவர் கையில் கொடுத்தது தலைப்பை மட்டும்தான். இந்தத் தலைப்புக்கு ஒரு படம் எடு என்றார்கள். ஒன்றரை லட்சம் டாலர்கூடச் செலவழிக்கவில்லை. மாடிப்படி செட்கூட வேறொரு படத்துக்குப் போட்டது. காசு இல்லாத இடத்தில் இருட்டை வைத்தார்கள், ஓசையை வைத்தார்கள். இயக்குநர் ஜாக் டூர்னரின் கைவண்ணம் நீச்சல்குளக் காட்சியில் இன்னும் நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப் போவதில்லை. அந்த நேரத்தில் யாரும் பாப்கார்ன் கொறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' பார்த்தால் அதன் அருமை இரட்டிப்பாகும். கதை நடப்பதே அக்டோபர் 31 அன்றுதான். கத்தி உண்டு, கொலை உண்டு, ஆனால் திரையில் ரத்தம் மிகக் குறைவு. பயந்து போக வேண்டாம். இல்லினாய்ஸ் மாநிலத்து ஊர் என்று சொல்லிக்கொண்டு, கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில் எடுத்தார்கள். உதிர்ந்து கிடக்கும் இலைகளெல்லாம் வண்ணம் அடித்தவை. ஒரு காட்சி முடிந்ததும் பொறுக்கி மூட்டைகட்டி, அடுத்த தெருவில் கொட்டுவார்களாம். கொலைகாரனின் வெள்ளை முகமூடி 'ஸ்டார் ட்ரெக்' டிவி தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகம். கடையில் மலிவாக வாங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்தார்கள்.

இசையைக் கவனித்துக் கேளுங்கள். அந்தப் பியானோவை கார்பென்டரே அமைத்தார். ஐந்து எண்ணிக்கைத் தாளம். இசைப் பேராசிரியரான அப்பா சின்ன வயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. மிருதங்கம் தட்டிப் பழகிய விரல்களுக்கு உடனே பிடிபடும்: தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. நான்கு நான்காக எண்ணிப் பழகிய காது ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கி விழுகிறது. அந்தப் படத்தில் நெஞ்சு படபடப்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கணக்கு.

'நோஸ்ஃபெராட்டு' (1922) பார்த்தேன் சார். பயமே வரவில்லை. பேய் பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறது. இதை ஏன் கொண்டாடுகிறார்கள்?
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, குறை உங்கள் மேல் இல்லை, நீங்கள் பார்த்த பிரதி மேல். 1922இல் இரவுக் காட்சியை இரவில் எடுக்கும் அளவுக்கு ஃபிலிமுக்கு வேகம், அதாவது குறைந்த வெளிச்சத்தில் படம்பிடிக்கும் திறன், போதாது. பகலில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். நீலம் என்றால் இரவு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் சாயம் இல்லாத கறுப்பு-வெள்ளைப் பிரதிகள்தான் உலகம் முழுக்கப் பரவின. இரவெல்லாம் பகலாகிவிட்டது. சாயத்தோடு மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பாருங்கள். அந்தச் சவப்பெட்டிக் காட்சி நீலத்தில் ஆளே இல்லாத ஊராக மாறிவிடும்.

இந்தப் படம் மிஞ்சியதே அதிசயம். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை அனுமதி கேட்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார். பிரதிகளையெல்லாம் அழிக்க வேண்டும் என்று 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தப்பிய சில பிரதிகளால்தான் இன்று நாம் பார்க்கிறோம். சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்ற 'மரபு' இந்தப் படத்திலிருந்துதான் வருகிறது. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவார்.

'சைக்கோ' (1960) படத்தில் ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் பாகு ஊற்றினார்களாமே, உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

உண்மைதான். கறுப்பு-வெள்ளையில் அதுதான் ரத்தம் மாதிரித் தெரிந்தது. அந்தக் குளியலறைக் கொலைக் காட்சியை இசையே இல்லாமல் விடத்தான் இயக்குநர் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதற்கும் இசை எழுதிக் காட்டியபோது மனம் மாறினார். ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள், ஹெர்மனை வணங்கத் தோன்றும்.

என் பையனுக்குப் பத்து வயது. ஃப்ராங்கன்ஸ்டைன் வேஷம் போட்டுக்கொள்ளப் போகிறான். 1931 படத்தைக் காட்டலாமா? பயந்துவிடுவானா?
– வாசகி, டொரண்டோ

காட்டுங்கள் அம்மா, ஆனால் அன்று மத்தியானமே காட்டுங்கள், நீங்களும் கூடவே உட்காருங்கள். வெறும் 70 நிமிடம்தான். பயப்படுவதைவிட அவன் அழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஏரிக்கரையில் ஒரு சின்னப் பெண், அந்த ராட்சத உருவத்தைப் பார்த்துப் பயப்படாமல், வா விளையாடலாம் என்று கையைப் பிடித்துக் கூப்பிடுகிறாள். பூக்களைத் தண்ணீரில் போட்டு, படகு மாதிரி மிதக்கிறது பார் என்கிறாள். அதுவும் போடுகிறது, சிரிக்கிறது. படத்திலேயே அது சந்தோஷமாக இருப்பது அங்கே மட்டும்தான். பூ தீர்ந்துவிடுகிறது. இவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. பிறகு தன் கைகளைப் பார்த்துத் தவிக்கும், அந்த உருவமாக நடித்த போரிஸ் கார்லோஃபை இன்றைக்கும் என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

பல பத்தாண்டுகள் அந்தக் காட்சியின் முடிவை வெட்டிவிட்டுத்தான் ஓட்டினார்கள். அது அவளை நோக்கிக் கை நீட்டுவதோடு நின்றுவிடும். அப்புறம் அப்பா பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருவார். நடுவில் என்ன நடந்ததோ என்று பார்த்தவர்கள் எவ்வளவு கொடூரமாக நினைத்திருப்பார்கள்! 1980களில்தான் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். முழுப் பிரதிதானா என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் முடிந்ததும் படத்தை நிறுத்தி, அது ஏன் அப்படிச் செய்தது என்று அவனையே கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளை சரியாகச் சொல்லிவிடுவான்.

வயது 68. வீட்டில் நான் மட்டும்தான். கோரமான உருவங்கள் வேண்டாம், ஆனால் நிஜமாகவே பயமுறுத்த வேண்டும். ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

'தி ஹாண்டிங்' (1963). இயக்குநர் ராபர்ட் வைஸ். ஆமாம், நீங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு பார்த்திருக்கக்கூடிய 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த அதே வைஸ்தான். இயக்குநராக அவர் தொழில் தொடங்கியது மேலே சொன்ன வால் லூட்டனிடம். கடைசிவரை ஒரு பேயைக்கூடக் காட்ட மாட்டார்.

பூதம் குடியிருப்பதாகச் சொல்லப்படும் ஒரு மாளிகையில் இரண்டு பெண்கள் ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள். சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுக்கும் சத்தம். எலினார் இருட்டில் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கை இவள் விரல்களை நசுக்குகிறது. வலி பொறுக்காமல் கத்துகிறாள், விளக்கு எரிகிறது. தோழி அறையின் அந்தப் பக்கம், எட்டாத தூரத்தில் படுத்திருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் யாருடைய கை?

ஒரு சின்ன வேலை மட்டும் செய்யுங்கள். இது அகலத்திரையில் எடுத்த படம், திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். டிவியில் 'ஜூம்' போட்டு அதை நிரப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டுவிடும். இந்தப் படத்தில் கண் போக வேண்டிய இடம் அந்த ஓரங்கள்தான்.