கவர்னருக்குப் பதவி உயர்வு

கேள்வி: ஊமைப்பட நட்சத்திரம் சுலோச்சனா அந்தக் காலத்தில் பம்பாய் கவர்னரைவிட அதிகச் சம்பளம் வாங்கியவராமே! பேசும்படம் வந்ததும் மொழி தெரியாமல் மார்க்கெட் இழந்துவிட்டார் என்கிறார்கள். அவருடைய ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றிச் சொல்லுங்களேன்.
- வாசகர், கண்டனூர்

பதில்: கண்டனூரிலிருந்து இப்படி ஒரு கேள்வி வரலாமா? வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய், காலணா குறைந்தாலும் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு கணக்கைத் தேடியவர்களின் ஊர். அங்கிருந்து எழுதுகிறவர் கூட்டிக்கழித்துப் பார்க்காமல் ‘கவர்னரைவிட’ என்று எழுதினால் மனசு கேட்கவில்லை. நடிகை கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் கவர்னரின் பேரேட்டைப் பிரிப்போம்.

சுலோச்சனாவுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இருக்கட்டும், பெரிய தொகைதான். பம்பாய் கவர்னருக்கு எவ்வளவு? 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் அட்டவணையே இருக்கிறது. ஆண்டுக்கு 1,28,000 ரூபாய் உச்சவரம்பு. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,666 ரூபாய் சொச்சம். நம் நடிகை வாங்கியது அதில் பாதிகூட இல்லை. உச்சவரம்புதானே, முழுசாகவா வாங்கியிருப்பார் என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரக் கவர்னர் பாதிச் சம்பளத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருப்பார் என்று நீங்கள் நம்பினால் நான் குறுக்கே நிற்கவில்லை.

இந்தக் கவர்னரோடு எனக்குப் பழைய பகை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் இதே வகுத்தலைப் போட்டுக் காட்டினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மூன்று பக்கம் மறுப்பு எழுதினார். கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. ‘கவர்னர் இல்லை, கலெக்டராக இருக்கலாம்’ என்று முடித்திருந்தார். சரி, போகட்டும் என்று விட்டேன். அடுத்த வருஷம் வேறொருவர் ‘வைஸ்ராயைவிட அதிகம்’ என்று எழுதினார். கவனித்தீர்களா? நடிகையின் சம்பளம் அதே ஐயாயிரத்தில் நிற்கிறது. பக்கத்தில் நிறுத்துகிற அதிகாரிக்குத்தான் வருஷா வருஷம் பதவி உயர்வு. ஒரு பெண் நன்றாகச் சம்பாதித்தால் அந்தத் தொகையை மட்டும் சொல்லி நிறுத்த நமக்கு வராது. பக்கத்தில் ஓர் ஆண் அதிகாரியை நிறுத்தி அளந்தாக வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணச் சமையல்காரர் ஒருவர் கலெக்டரைவிட அதிகம் வாங்குகிறார் என்று இப்போது பேச்சு. அதை மட்டும் நான் மறுக்கமாட்டேன். அவருடைய பில்லைப் பார்த்திருக்கிறேன்.

சரி, நடிகையிடம் வருவோம். ரூபி மையர்ஸ், 1907-இல் பூனாவில் பிறந்தவர். பாக்தாத் பக்கமிருந்து வந்து குடியேறிய யூத வம்சம். சினிமாவுக்கு வருமுன் அவர் பார்த்த வேலை டெலிபோன் ஆபரேட்டர். இதை எல்லாரும் ஒரு வரியில் எழுதிவிட்டு ‘அழகால் கவரப்பட்டு’ என்று ஓடிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு ஆபரேட்டரின் குரல் என்றால் என்னவென்று தெரியும். எங்கள் ஐயா கோலாலம்பூருக்குப் பேச அரை நாள் காத்திருப்பார். லைன் கிடைத்ததும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ‘சௌக்கியமா? சௌக்கியமா?’ என்று மூன்று நிமிஷமும் அதையே கேட்பார். நடுவில் நேரம் முடிந்தது என்று சொல்ல வருகிற பெண்ணிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, ‘சரிங்கம்மா’ என்பார். வீட்டில் வேறு யாருக்கும் அந்த மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

அப்படிக் குரலால் பிழைத்த பெண்ணைச் சினிமா கூப்பிட்டது. நடிப்புக்கு அப்போது மரியாதை இல்லாததால் முதலில் மறுத்திருக்கிறார். பிறகு கோஹினூர் கம்பெனிக்குப் போனார். குரலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். சுலோச்சனா என்று பெயர் வைத்தார்கள். அழகிய கண்ணுடையவள் என்று அர்த்தம். கண் மட்டும் போதும் என்று பெயரிலேயே பத்திரம் எழுதிவிட்டார்கள். 1926-இல் ‘டெலிபோன் கேர்ள்’ என்றே ஒரு படம் வந்தது. டெலிபோன் பெண்ணாக இருந்தவர் டெலிபோன் பெண்ணாகவே நடித்தார், சத்தமில்லாமல்! அதே வருஷம் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’. அப்புறம் இம்பீரியல் கம்பெனி. 1927-இல் ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’ படத்தில் எட்டு வேடம். தோட்டக்காரர், போலீஸ்காரர் உட்பட. பத்து வேடம் கட்டிய நம் ஊர் நாயகர்களுக்கு விழா எடுத்தவர்கள் இதையும் ஒரு மூலையில் குறித்துக்கொள்ளலாம்.

இனி நீங்கள் சொன்ன ‘மொழி தெரியாமல்’. 1931-இல் இம்பீரியலின் அர்தேஷிர் இரானி இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வை எடுத்தார். நாயகி ஜுபைதா. சுலோச்சனாவுக்கு இந்துஸ்தானி சரியாக வராது என்பது காரணம். அதே கம்பெனி அதே வருஷம் நமக்கு முதல் தமிழ்ப் பேசும்படமாக ‘காளிதாஸ்’ எடுத்துக் கொடுத்தது. அதில் டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசினார், நாயகன் தெலுங்கில் பேசினார், ஊடே இந்தியும் வந்தது. இருவரும் அவரவர் பாஷையில் காதலித்தார்கள். சென்னையில் கூட்டம் அலைமோதியது. அப்படிப்பட்ட கம்பெனிக்கு மொழிச் சுத்தத்தில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

ஆனால் அந்த அம்மாள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு வருஷம் ஒதுங்கி இந்துஸ்தானி படித்தார். 1932-இல் ‘மாதுரி’யில் பேசிக்கொண்டே திரும்பி வந்தார், படமும் ஓடியது. காந்தி கதர்க் கண்காட்சியைத் திறந்துவைத்த குறும்படத்தைக் காட்டியபோது, கூடவே 1928-இல் ஊமையாக வந்த பழைய ‘மாதுரி’யில் அவர் ஆடிய நடனத்தையும், ஒலியை ஒட்டவைத்து, சேர்த்துக் காட்டினார்களாம். கதருக்கே துணைக்கு அவரை அனுப்பியிருக்கிறார்கள். பேசும்படம் வந்து அவரை முடித்துவிட்டது என்று இனி யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

முடித்தது வேறு. வெற்றி பெற்ற சரக்கையே திரும்பத் திரும்பக் கடையில் வைத்தார்கள். ஊமையாக 1929-இல் வந்த ‘இந்திரா பி.ஏ.’, பேச ஆரம்பித்ததும் 1934-இல் ‘இந்திரா எம்.ஏ.’ ஆனது. ஐந்து வருஷத்தில் கதாசிரியர்களின் முன்னேற்றம் அந்த ஒரு பட்டம்தான். பம்பாய்ப் பூனை 1936-இல் ‘பம்பாய் கி பில்லி’ என்று மறுபடி மியாவ் என்றது. ‘அனார்கலி’ இன்னும் மோசம். 1928-இல் அவர் அனார்கலி. 1935-இல் பேசும் அனார்கலி. 1953-இல் இன்னொரு ‘அனார்கலி’. அதில் அவர் ஜோதாபாய், சலீமின் தாயார்! இருபத்தைந்து வருஷத்தில் காதலி அம்மாவாகிவிட்டார். சலீமுக்கு மட்டும் வயது ஏறவே இல்லை. அவனுக்கு யாரும் ‘மார்க்கெட்’ பார்க்கவில்லை. அந்தச் சொல்லை நான் இந்தப் பத்திரிகையில் அனுமதிப்பதில்லை; கேள்வியில் இருந்ததால் விட்டுவைத்தேன். வெண்டைக்காய் முற்றினால் சந்தையில் போகாது. மனுஷிக்கு அந்தக் கணக்கைப் போட்டவன் யார்?

இங்கே ஒரு காரைக்குடிக்காரரைச் சொல்லாமல் போக முடியாது. ரூபி மையர்ஸ் பிறந்த அதே 1907-இல் இங்கே பிறந்தவர் ஏவி. மெய்யப்ப செட்டியார். இசைத்தட்டு விற்றுத் தொழிலுக்கு வந்தவர். அதனால் குரலை ஆளிடமிருந்து பிரித்துத் தனிச் சரக்காக விற்கலாம் என்பது அவருக்கு மற்ற முதலாளிகளைவிட முன்னாலேயே புரிந்திருக்க வேண்டும். கன்னட ‘ஹரிச்சந்திரா’வை 1944-இல் தமிழ் பேசவைத்தார். 1945-இல் ‘ஸ்ரீ வள்ளி’யில் குமாரி ருக்மணியின் பாட்டு சரிப்படவில்லை என்று பெரியநாயகியைப் பாடவைத்து ஒட்டினார். பிறகு தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தது தனிக்கதை. இந்த வித்தை 1931-லேயே கைவசம் இருந்திருந்தால் சுலோச்சனாவுக்கு யாரோ ஒரு லாகூர்க்காரி குரல் கொடுத்திருப்பார், ‘மொழி தெரியாத நடிகை’ என்ற பேச்சே எழுந்திருக்காது. இன்றைக்கு நம் நாயகிகளில் எத்தனை பேர் சொந்தக் குரலில் பேசுகிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. போனமுறை கேட்டதற்கு வந்த கடிதங்களே இன்னும் மூட்டையாகக் கிடக்கின்றன.

1973-இல் அவருக்குத் தாதாசாகேப் பால்கே விருது கொடுத்தார்கள். 1983-இல் பம்பாயில் இறந்தார். விருது கொடுத்த வருஷத்தில் அவருடைய ஊமைப்படங்களைத் தேடினாலும் அனேகமாக ஒன்றும் கிடைத்திருக்காது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானாகவே தீப்பிடிக்கும். தீக்குத் தப்பியதை வெள்ளிக்காக உரித்து விற்றார்கள். பிலிம் சுருளில் ஒட்டியிருக்கிற வெள்ளிக்கு எடைபோட்டுக் காசு. எட்டு வேடமும் என்ன விலைக்குப் போயிற்றோ!

எங்கள் ஊரிலும் அந்த வியாபாரம் தெரியும். காந்தி 1927-இல் செட்டிநாட்டுக்கு வந்தபோது, நம் வீடுகளில் வெளிநாட்டுச் சாமான் அடைந்து கிடக்கிறது என்று கண்டித்தார். அவர் பேச்சை நாம் கேட்டுக்கொண்டோம், கொஞ்சம் தாமதமாக. இப்போது அந்தச் சாமானெல்லாம் முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்குக் கிடக்கிறது. பீங்கான், மரவை, தூண், கதவு, நிலை. போன மாதம் அங்கே ஒரு கடையில் கண்ணாடி போட்ட படம் ஒன்றைப் பார்த்தேன். ஊமைப்பட காலத்து நடிகை. நெற்றியில் சுருட்டை முடி, பெரிய கண்கள். கீழே பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. விலை கேட்டேன்.

“சட்டம் பர்மாத் தேக்குண்ணே. மூவாயிரத்தஞ்நூறு. படம் வேண்டாம்னா உருவிட்டுத் தாரேன்.”

“படத்தை மட்டும் குடுப்பா” என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு உருவிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. நம் ஆபீசில் மேஜைக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் உங்க அப்பத்தாவா என்று கேட்கிறார்கள்.